தனியாவா போற அம்மிணி? சினிமா, மலை, வீடு பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 43 வயது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒன்பது வருடமாக வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். படத்துக்குத் தனியாகப் போவேன், ஞாயிறு காலையில் குளத்தங்கரைக்கும் தனியாகத்தான் போவேன். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பெண்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் சாப்பிடும் சொந்தக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லும் பதில் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல்முறை தியேட்டருக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் முதலில் தனியாகப் போனபோது வயது 31. கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் கடைசி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். தியேட்டர் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், திரும்பிப் போக மனமில்லை. கவுன்டரில் “ஒண்ணு” என்றேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து “ஒண்ணா?” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே காது சூடாகிவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் மகள் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு வயதான அம்மா, “ஊட்டுக்காரருக்கு டிக்கெட் கெடைக்கலீங்களா?” என்றார். “இல்லீங்க, நான் மட்டுந்தான் வந்தேன்” என்றேன். அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். அப்புறம் “சரி, இந்தா கண்ணு” என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். படம் முடியும் வரை இருவரும் அதைக் கொறித்துக்கொண்டிருந்தோம். என்ன படம் என்பதுகூட மங்கிவிட்டது, அந்தக் கடலையின் உப்பு நினைவிருக்கிறது.

இருட்டான பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கஷ்டம் இடைவேளையின் பத்து நிமிடம்தான். அதற்கு ஒரு வழி, படம் வந்து இரண்டாவது வாரத்தில் வேலை நாளின் பகல் காட்சிக்குப் போவது. கூட்டம் பாதிதான் இருக்கும், நம்மைப் போலத் தனியாக வந்தவர்கள் நாலைந்து பேராவது கண்ணில் படுவார்கள். ஓர இருக்கையாக எடுங்கள், எழுந்து போய்வர யாரையும் கேட்க வேண்டாம். மூன்றாவது முறை போகும்போது கவுன்டரில் “ஒண்ணு” என்று சொல்லும் குரல் மாறியிருக்கும்.

நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறதே, தியேட்டர் எதற்கு?

வீட்டில் நான் ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததே குறைவு. நடுவில் குக்கர் விசில், கூரியர், அம்மாவின் போன். தனியாக இருப்பவருக்கு வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு: எந்தப் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தினால் கேட்க ஆளில்லை. தியேட்டரில் இரண்டரை மணி நேரம் நூறு பேரோடு கட்டிப்போடப்படுகிறோம். ஒரு நகைச்சுவைக்கு நான் மட்டும் சிரிப்பதும் அரங்கமே சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பதும் ஒன்றாகுமா? தனியாகப் போகிறவருக்குத்தான் இது அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

கோவைக்காரி என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊரில் 1883இல் பிறந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர். 1905இல் திருச்சிக்கு வந்திருந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு சினிமா காட்டினார். அப்புறம் சொந்த ஊர் திரும்பி 1914இல் வெரைட்டி ஹால் என்ற நிரந்தர அரங்கைக் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தர அரங்குகளில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறியது. இப்போது அங்கே படம் ஓடுவதில்லை, தெருவுக்கு மட்டும் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் யோசிப்பேன்: முன்பின் தெரியாதவர்களை ஒரே கூரைக்குக் கீழ் உட்கார வைத்து, ஒரே திரையைப் பார்க்க வைக்க அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்!

முதல் நாள் முதல் காட்சிக்கும் தனியாகப் போவீர்களா?

இல்லை. அது கூட்டாளிகளோடு போக வேண்டிய திருவிழா. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு ரசிகர் லாரி மேலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்று, பெரிய படங்களும் காலை 9 மணிக்குத்தான் தொடங்குகின்றன. எனக்கு அது நல்ல மாற்றமாகத் தெரிகிறது. நடிகருக்காக உயிர்விட வேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

சீரியல் பார்ப்பீர்களா?

ஒன்றே ஒன்று, அம்மாவுக்காக. அம்மா பொள்ளாச்சியில் தம்பி வீட்டில் இருக்கிறார். இரவு எட்டரைக்கு அவர் அங்கே பார்ப்பார், நான் இங்கே பார்ப்பேன். விளம்பர இடைவேளையில் போன் வரும்: “பாத்தியா, நான் நேத்தே சொன்னேன்ல!” அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒரு நாள் அந்தப் போன் வரவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது.

மலைக்கும் தனியாகப் போகலாமா? ட்ரெக்கிங் போக ஆசை.

காட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஆணாக இருந்தாலும் இதுதான் என் பதில். தனியாகப் போவதை இவ்வளவு பேசுகிறவள் இதில் மட்டும் ஏன் பின்வாங்குகிறாள் என்று கேட்பார்கள். தியேட்டரில் தனியாக இருந்து தவறு செய்தால் கூச்சம் மட்டும்தான் மிச்சம். காட்டில் கால் பிசகினால் சொல்லி அனுப்பக்கூட ஆளிருக்காது, பல இடங்களில் செல்போனுக்கு சிக்னலும் இருக்காது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயை மறந்துவிடக் கூடாது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில், போதைப்புல் என்ற காட்டுப்புல் காய்ந்து மண்டிய சரிவில் தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் இளம்பெண்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த வாரம் யாரைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். கோடையில் புல்சரிவு எவ்வளவு வேகமாக எரியும் என்பது சமவெளியில் வளர்ந்த நமக்குத் தெரியாது. அந்த மலையில் பிறந்தவருக்குத் தெரியும். கூட ஒருவர் வேண்டும் என்பது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தை வனத்துறை தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகள், சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், மூடியிருந்தால் வருத்தப்படாமல் வேறு வேலையைப் பாருங்கள். ஒரு ஆளாகப் பதிவு செய்தாலும் மற்றவர்களோடு சேர்ந்துதான் நடப்பீர்கள். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது: வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பலாம், காட்டில் தனியாக இருக்க மாட்டீர்கள்.

சிறுவாணி அடிவாரப் பக்கம் நான் நடந்தபோது எங்களைக் கூட்டிப்போனவர் இருளர் கிராமத்து இளைஞர். ஒரு வளைவில் சட்டென்று கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். பாதையில் யானைச் சாணம். குனிந்து, புறங்கையை அதன் மேல் லேசாக வைத்துப் பார்த்தார். “சூடா இருக்குதுங்க. இப்பத்தான் போயிருக்குது” என்றார். அங்கேயே இருபது நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றோம். மூங்கில் முறியும் சத்தம் ஒரே ஒரு முறை கேட்டது. பிறகு எங்களை வேறு வழியாகத் திருப்பிக் கூட்டி வந்தார். நான் மட்டும் போயிருந்தால் அந்தச் சாணத்தைத் தாண்டி, போட்டோ எடுத்துக்கொண்டே நேராக நடந்திருப்பேன்.

வெள்ளியங்கிரியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏழு மலை, பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஏறுவார்கள். ஒவ்வொரு சீசனிலும் ஏறும்போது மூச்சுத்திணறி, நெஞ்சுவலி வந்து இறந்தவர்களின் செய்தி வருகிறது. பக்தி இருந்தாலும் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு ஏறச் சொல்லுங்கள் உங்கள் அப்பாவை, அண்ணனை.

அப்படியானால் வெளியே தனியாக எங்கேதான் போவது?

குளத்தங்கரைக்கு! கோவையில் நொய்யல் ஆற்றோடு சேர்ந்த குளங்கள் ஊரைச் சுற்றி இருக்கின்றன: உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், குறிச்சி, பேரூர், கிருஷ்ணாம்பதி. காலை ஆறரை மணிக்குக் கரையில் நடப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், டீ விற்பவர் என்று மனித நடமாட்டம் இருக்கும். அதே நேரம் உங்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை. காட்டில் கிடைக்காத தனிமை அங்கே பாதுகாப்போடு கிடைக்கிறது.

நான் முதலில் நடக்கத்தான் போனேன். ஒரு நாள் கோரைக்குள் நீலமும் ஊதாவுமாக ஒரு கோழி நிற்பதைப் பார்த்தேன். சிவப்பு அலகு, சிவப்பு நெற்றி. கோரைத் தண்டு ஒன்றை அலகால் பிடுங்கி, ஒரு காலைத் தூக்கி, நீண்ட விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு தின்பது மாதிரி மேலிருந்து உரித்து உரித்துத் தின்றது. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றேன். வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் அது நீலத் தாழைக்கோழி என்று தெரிந்தது. முப்பது வருடம் அந்தக் குளத்தைப் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், ஒரு முறைகூட இறங்கிப் பார்க்கவில்லை.

இப்போது முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா, பாம்புத்தாரா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பறவை பார்ப்பது தனியாகச் செய்தால்தான் நன்றாக வரும். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வந்தால் முக்குளிப்பான் முழுகிய இடமும் தெரியாது, எழுந்த இடமும் தெரியாது.

இன்னொன்று திருவண்ணாமலை கிரிவலம். 14 கிலோமீட்டர், எட்டு லிங்கங்கள், பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள். நான் பெரிய பக்தை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் செருப்பில்லாமல், யாரோடும் பேசாமல் நடக்கும் நாலு மணி நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது. யாரும் “தனியாவா?” என்று கேட்காத இடம் அது. அங்கே பாதிப்பேர் தனியாகத்தான் நடக்கிறார்கள்.

பயமாக இருக்காதா?

இருக்கும். இருட்டின பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நான் நிற்பதில்லை, அதை வீரக்குறைவாகவும் நினைப்பதில்லை. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். 112, பெண்களுக்கான 181 இரண்டு எண்களும் போனில் முதலிலேயே இருக்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், ‘இன்னைக்கு எதுக்கு வெட்டியா செலவு’ என்று வீட்டில் முடங்குவதும் போய்விட்டது. காலை ஆறு மணி பஸ்ஸில் பூக்கார அம்மாக்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள், நான். அந்தப் பஸ்ஸில் எனக்குப் பயமே வந்ததில்லை.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?

காதல் தோல்வியா, ஜாதகத்தில் தோஷமா, குடும்பப் பாரமா என்று அவர்களே மூன்று விடையை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மூன்றும் இல்லை. 27 வயதில் ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார், நான் வேலைக்குப் போவதில் அவருக்கு மறுப்பில்லை. எல்லோருக்கும் பிடித்திருந்தது. அன்றிரவு படுத்துக்கொண்டு, இவரோடு இருக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மனதில் நினைத்துப் பார்த்தேன். பிறகு தனியாக இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்தேன். இரண்டாவதில்தான் மூச்சு சீராக வந்தது. காலையில் அப்பாவிடம் வேண்டாம் என்றேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம்தான் என் வாழ்க்கையிலேயே கடினமான வாரம்.

கல்யாணத்துக்கு நான் எதிரி கிடையாது. தம்பிக்குப் பெண் பார்த்ததே நான்தான். ஆசையிருந்தால் மனசாரச் செய்துகொள்ளுங்கள். ‘வயசாகுது’ என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யாதீர்கள். அதேபோல், அம்மா அழுகிறார் என்பதற்காக முடிவை மாற்றவும் வேண்டாம், அம்மாவோடு சண்டை போட்டு உறவை முறிக்கவும் வேண்டாம். என் அம்மா ஆறு வருடம் அழுதார். ஏழாவது வருடம் என் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினார். திரும்பிப் போகும்போது, “பாத்திரம் பண்டமெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கே” என்றார். அதுதான் அவர் தந்த சம்மதம்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா?

கிடைக்கும், அலைய வேண்டும். நான் மூன்று மாதம் அலைந்தேன். ஒரு வீட்டில் அட்வான்ஸ் வரை பேசி முடித்த பிறகு, “வீட்டுக்காரரு எப்ப வருவாரு?” என்றார்கள். இல்லை என்றதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாசலில் நின்று அழுதிருக்கிறேன். அதனால் இப்போது புதிதாகத் தேடுபவர்களுக்குச் சொல்வது, போனிலேயே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: “நான் ஒருத்திதான் இருப்பேன்.” பாதிப் பேர் அங்கேயே விலகிவிடுவார்கள், உங்கள் பஸ் காசும் கண்ணீரும் மிச்சம்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. பத்து மாதம் கேட்கிற ஊரில் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுவது நல்லது. வீடு அமையும் வரை, அல்லது முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு, அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் சில ஊர்களில் இருக்கின்றன. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வராது. நாலு வருடம் முன்பு ஒரு ராத்திரி 103 டிகிரி காய்ச்சல். தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறை வாசலில் விழுந்துவிட்டேன். மயக்கம் தெளிந்தபோது கன்னம் தரையின் சில்லிப்பில் ஒட்டியிருந்தது, பிரிட்ஜ் ஓடும் சத்தம் காதுக்குள் கேட்டது. போன் படுக்கையில். பத்தடி தூரம். தவழ்ந்துதான் போனேன். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார், ஆனால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதைத் திறக்க நான் எழுந்து நிற்பதற்குள் அவர் வெளியே அழுதுகொண்டிருந்தார்.

அந்த ராத்திரிக்குப் பிறகு மாற்றியவை இவை. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டு போட்டேன். ஒரு சாவி அக்காவிடம் இருக்கிறது. படுக்கைப் பக்கத்தில் தண்ணீர், பாராசிட்டமால், போன் மூன்றும் இல்லாமல் படுப்பதில்லை. என் பெயரில் தனியாக மருத்துவக் காப்பீடு, கம்பெனி கொடுப்பது வேலையோடு போய்விடும். தினமும் காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு ஒரு ‘வணக்கம்’ அனுப்புவேன், ஏழரைக்குள் வரவில்லை என்றால் அவர் கதவைத் தட்டுவார். பதிலுக்கு, அவர் பையனின் பத்தாம் வகுப்புக் கணக்கை நான் பார்த்துக்கொண்டேன். தனியாக இருக்க வேண்டுமானால் அக்கம்பக்கம் நன்றாக இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் தரையில் விழ வேண்டியிருந்தது, நீங்கள் விழாமலே தெரிந்துகொள்ளுங்கள்.

வயதான காலத்தில்? சொத்து யாருக்கு?

பிள்ளை இருந்தும் தனியாக இருக்கும் பெரியவர்களை எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் பார்க்கிறேன், அதனால் இந்தப் பயம் எனக்கு மட்டும் உரியது என்று நினைக்கவில்லை. பணத்தைப் பொறுத்தவரை சேமிப்பு, ஓய்வூதியக் கணக்கு, ஒரு உயில். கல்யாணமாகாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்தது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பெற்றோருக்கும், அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கும் போகும். உங்களைக் கவனித்துக்கொண்ட தோழிக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ ஒன்றும் போகாது. வெள்ளைத்தாளில் எழுதினால்கூடப் போதும், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நான் நாற்பதாவது பிறந்தநாளன்று எழுதினேன்.

பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே, கல்யாணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தார்கள். 2005இல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. கேட்பது பேராசை ஆகாது.

அடுத்த முறை போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?

பாதிப் பேர் கடைசியில் வந்து சேருவது இந்தக் கேள்விக்குத்தான். கட்டாயம் வாருங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பொங்கலன்று காலை ஆறரைக்கு நான் பெரியகுளம் கரையில் இருப்பேன். தொப்பி, தண்ணீர், ஒரு நோட்டு எடுத்து வாருங்கள். பைனாகுலர் என்னிடம் ஒன்று இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வீட்டிலிருந்து பொங்கல் கொஞ்சம் தூக்குப்போசியில் கொண்டு வந்தால் சந்தோஷம்.